ஒரு பேரும் விடுபடக் கூடாது

மனோர் பார்க்கில் ஒரு யாழ்ப்பாணத் தமிழர் கண்ணை மூடினால் முதல் போன் டொக்டருக்குப் போகும், இரண்டாவது போன் பாலாம்பிகைக்குப் போகும். சில வீடுகளில் இந்த ஒழுங்கு மாறி நடந்ததும் உண்டு.

மரண அறிவித்தல் எழுதுவது என்ன பெரிய வேலை என்று நினைக்கிறவர் ஒன்று எழுதிப் பார்க்கட்டும். ‘பளையைப் பிறப்பிடமாகவும், இல்ஃபோர்ட்டை வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்க எவருக்கும் வரும். வில்லங்கம் அதற்குப் பிறகுதான். தாய் தகப்பன், பிள்ளைகள், சகோதரங்கள், கனடாவில் இருக்கிற மச்சான், கோபித்துக்கொண்டு பேச்சை விட்ட மருமகன், உடன்பிறந்தவள் பெற்ற பிள்ளைகளான பெறாமக்கள் என்று ஒருவர் பின் ஒருவராக முறைப்படி வர வேண்டும். ஒரு பேர் விடுபட்டால் போதும். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிவதற்குள் குடும்பம் இரண்டாகிவிடும். செத்தவரை மறந்தாலும் மறப்பார்கள், அறிவித்தலில் தன் பேரை விட்டதைச் சாகும்வரை மறக்கமாட்டார்கள்.

பாலாம்பிகைக்கு அந்த முறையெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. கலியாணம், சாமத்தியவீடு, புத்தக வெளியீடு எதுவானாலும் மேடையில் ஆளை அறிமுகம் செய்ய அவளிடம்தான் எழுதி வாங்குவார்கள். ஆளின் பேரைச் சொன்னால் தகப்பன் பேரையும் ஊரையும் கேட்காமல் விடமாட்டாள். ‘பேரும் ஊரும் தெரியாத ஆளுக்கு நான் எப்பிடி மரியாதை குடுக்கிறது?’ என்பாள்.

ஊருக்கெல்லாம் எழுதியவள் ஒருத்திக்கு மட்டும் எழுதவில்லை. அவளுடைய தங்கை சந்திரவதனா இயக்கத்துக்குப் போனவள். கடைசிச் சண்டையில் என்ன ஆனாள் என்று தெரியாது. எழுதினால் செத்துவிட்டாள் என்று ஆகும். எழுதாவிட்டால் இப்படி ஒருத்தி இருந்தாள் என்பதே இல்லாமல் போகும். அதோடு, தமையன் இன்னும் ஊரில்தான் இருக்கிறார். மோட்டார் சைக்கிளில் வந்து படலையடியில் நின்று விசாரிக்கிற புலனாய்வுக்காரர் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே அந்தப் பேரைப் போனில்கூட யாரும் உச்சரிப்பதில்லை. இதைவிட ஒரு கொடுமை உண்டா?

பாலாம்பிகைக்குச் சம்பளம் தருவது ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிற ஒரு முதியோர் இல்லம். அங்கே உடுப்புத் தோய்க்கிற பகுதியில் வேலை. கூட வேலை செய்தவள் எரித்திரியாக்காரி. அறுபது கடந்தவள், நெட்டையானவள், நெற்றியில் பச்சை குத்திய, மங்கிப்போன சிலுவை. சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ‘சாரா’ என்று இருந்தது. தேநீர் குடிக்க உட்கார்ந்தால் எப்போதும் கதவைப் பார்த்தபடிதான் உட்காருவாள். அந்தக் கதிரையில் வேறு யாராவது இருந்தால் நின்றுகொண்டே குடிப்பாள்.

இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அரைகுறைக்கு அரைகுறை நன்றாக விளங்கும். ஒருநாள், தங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பேர் என்று ஒன்று கிடையாது, தகப்பன் பேர்தான் பின்னால் வரும் என்று சாரா சொன்னாள். பாலாம்பிகைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ‘எங்களுக்கும் அப்படித்தான்’ என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சும்மா இருப்பாளா? உன் தகப்பன் பேர் என்ன, தாய் பேர் என்ன, எந்த ஊர், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று வாயைக் கிளறினாள். அந்த மனுசியும் எத்தனையோ வருசமாக எவரும் கேட்காததைக் கேட்டதாலோ என்னவோ, சொல்லிவிட்டாள். உண்மைப் பேர் மெப்ராத். தகப்பன் தெக்லே, தாய் அபேபா. கெரன் பக்கத்துச் சின்ன ஊர். ஒரே தங்கை அல்மாஸ். அல்மாஸுக்கு ஒரு மகள், செலாம்.

மெப்ராத் பதினேழு வயதில் விடுதலைப் போருக்குப் போனவள். கூந்தலை வெட்டி, காற்சட்டை போட்டு, பிளாஸ்டிக் செருப்போடு மலை ஏறியவள். அவர்களுடைய படையில் பெண்கள் வெளியாட்கள் நினைப்பதுபோல நாலைந்து பேர் அல்ல. காவலரணில் பெண்கள், மலையைக் குடைந்து கட்டிய ஆஸ்பத்திரியில் பெண்கள், கல்லில் குந்தியிருந்து எழுத்துப் படித்துவிட்டு அடுத்த நாள் சண்டைக்குப் போனதும் பெண்கள்.

மெப்ராத் லொறி ஓட்டினாள். விமானத்துக்குப் பயந்து விளக்கு இல்லாமல்தான் ஓட்ட வேண்டும். முதுகில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு ஒருத்தி முன்னால் நடப்பாள். அந்தத் துணியைப் பார்த்துப் பின்னால் லொறி ஊரும்.

“முதலில் நான் துணி கட்டி நடந்தேன். எனக்கு முன்னால் நடந்தவள் கண்ணிவெடியில் போன பிறகு வந்த வேலை அது. பிறகு ஸ்டியரிங் கிடைத்தது” என்றாள் ஒருநாள், துவாய்களை மடித்துக்கொண்டே.

“சண்டை வென்ற பிறகு?”

“எங்களோடு அகழியில் கிடந்த ஆண்கள் ஊருக்குப் போய் நீளக் கூந்தல் பெண்களைக் கட்டினார்கள். எங்களில் வெடிமருந்து மணக்கிறதாம். தேசம் பெரிய ஆட்களிடம் போனது. எங்களை அடுப்படிக்குப் போகச் சொன்னார்கள்.”

பாலாம்பிகை சிரித்தாள். சிரிப்புப் பாதியில் நின்றுபோனது. தடுப்பு முகாமிலிருந்து வந்த பெட்டைகளைக் கட்ட மாட்டேன் என்று சொன்ன மாப்பிள்ளைகளை அவளுக்கும் தெரியும். சந்திரவதனா திரும்பி வந்திருந்தால் அவளுக்கும் இதுதான் நடந்திருக்கும். நடந்திருந்தாலும் பரவாயில்லை, வந்திருக்கலாம்.

மெப்ராத் அடுப்படிக்குப் போகவில்லை. வாயைத் திறந்தாள், அதனால் நாட்டை விட்டு ஓட வேண்டி வந்தது. லண்டனுக்கு வந்தும் வாய் மூடவில்லை. இணைய வானொலி ஒன்றில் சாரா என்ற பேரில், வென்றவர்கள் பெண்களுக்குச் செய்த அநியாயங்களைப் பேசினாள். அந்தச் சாரா யார், யாருடைய பிள்ளை, எந்த ஊர் என்று சிலர் விசாரித்துக்கொண்டு திரிந்தார்கள். வேலையிடத்துப் போனுக்கு ஒரு தடவை அழைப்பு வந்தது. ‘சாரா இருக்கிறாரா?’ என்று கேட்டு, ‘எந்தச் சாரா?’ என்று திருப்பிக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் சாம்பல் கோட்டுப் போட்ட ஒருவன் பஸ்கள் வந்து போன பிறகும் நின்றுகொண்டிருந்தான். பஸ்ஸுக்கு நிற்கிறவன் பஸ்ஸில் ஏற வேண்டுமா இல்லையா?

பனி கொட்டிய ஒரு காலையில் மெப்ராத் பாலாம்பிகையின் காதுக்குள் சொன்னாள்:

“செலாம் படைச்சேவையிலிருந்து ஓடிவிட்டாள். அங்கே எடுத்தால் எப்போது விடுவார்கள் என்று இல்லை. எல்லைப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஒளிந்திருக்கிறாள். அவள் தாண்டும்வரை, சாரா அல்மாஸின் அக்கா என்று யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் நேரே அல்மாஸின் வாசலுக்குப் போவார்கள். அங்கிருந்து பிள்ளையிடம் போவார்கள்.”

மெப்ராத்துக்குப் பிள்ளை இல்லை. செலாமைச் சிறு வயதில் முதுகில் கட்டிக்கொண்டு திரிந்தவள். அதைச் சொல்லும்போது அவள் கை தன்னாலே முதுகுப் பக்கம் போனது.

பாலாம்பிகைக்கு மனம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை சேர்ச் வீதி முருகன் கோயிலுக்குப் போய் அர்ச்சனைச் சிட்டை வாங்கினாள்.

“பேர், நட்சத்திரம்?” என்று ஐயர் கேட்டார்.

“செலாம். நட்சத்திரம் தெரியாது ஐயா.”

ஐயர் ஒரு கணம் பார்த்தார். “அப்ப சுவாமி பேரில செய்து விடட்டோ?”

“இல்லை ஐயா, பேர் சொல்லித்தான் செய்ய வேணும். பேர் சொல்லாட்டி முருகனுக்கு ஆளை எப்பிடித் தெரியும்?”

ஐயர் செலாம் என்று சொல்லியே செய்தார். வாசலுக்கு வரும்போது பாலாம்பிகையின் நெஞ்சு கொஞ்சம் ஆறியிருந்தது.

அந்த மார்ச் மாதம்தான் பரமேஸ்வரன் வந்தார். ஓய்வுபெற்ற கணக்காளர். வருசா வருசம் இல்ஃபோர்ட்டில் ஒரு மண்டபம் எடுத்து மகளிர் தின விழா நடத்துவார், பெண்களை மேடையில் ஏற்றி மைக்கைத் தன் கையில் வைத்திருப்பார். இந்த முறை ‘விடுதலைப் போராட்டங்களில் பெண்கள்’ என்று தலைப்பு.

“தங்கச்சி, உம்மோட வேலை செய்யிற அந்த ஆபிரிக்கா மனுசியைக் கூட்டிக்கொண்டு வாரும். ரெண்டு வார்த்தை பேசினாக் காணும். அறிமுகம் நீர்தான் எழுத வேணும்.”

மெப்ராத் முதலில் மாட்டேன் என்றாள். தமிழ் ஆட்கள் மட்டும்தான் வருவார்கள், பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் வருவார்கள் என்று பாலாம்பிகை சொன்ன பிறகு சம்மதித்தாள்.

“சாரா என்று சொல். எரித்திரியா என்று சொல். அவ்வளவுதான். வேறொன்றும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம்.”

“ஓம் ஓம்” என்றாள் பாலாம்பிகை.

இங்கேதான் அந்தப் பிழை நடந்தது. யாழ்ப்பாணத்துப் பந்தியில் ‘போதும்’ என்று கையை மறிக்கிறவருக்கு இன்னும் ஒரு அகப்பை போடுவதுதான் முறை. போதும் என்ற உடனே சட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், சோறு போட மனமில்லாதவர்கள் என்று ஏழு ஊருக்குச் சொல்வார்கள். மேடையிலும் அதுதான். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லாதேங்கோ என்று சொல்வது தன்னடக்கம். அதைக் கேட்டு உண்மையாகவே ஒன்றும் சொல்லாமல் விடுவது அவமானம். பாலாம்பிகை அந்த ‘வேண்டாம்’ என்பதை இந்தக் கணக்கில் வைத்துக்கொண்டாள்.

செலாம் விசயம் தெரிந்த பிறகுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவளும் யோசித்தாள். தமிழில்தானே வாசிக்கப் போகிறார்கள், அந்த மண்டபத்தில் யாருக்கு எரித்திரியா தெரியும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். ‘பகலில் பக்கம் பார்த்துப் பேசு’ என்று வளர்ந்தவள்தான், தமையனுக்குப் போன் எடுத்தால் காலநிலையைத் தவிர வேறு பேசாதவள்தான். ஆனால் பேனையை எடுத்ததும் சந்திரவதனாவின் முகம் முன்னால் வந்து நின்றது. பேர் சொல்லப்படாமல் போன ஒருத்தி போதும். இவளையாவது பேரும் ஊருமாக, தாய் தகப்பனோடு மேடை ஏற்ற வேண்டும். எழுதி முடித்தபோது பிள்ளைகள் வரவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. அது அவளுக்குப் பொறுக்கவில்லை. பெறாமகளைச் சேர்த்தாள்.

மண்டபத்தில் பொரித்த ரோல்ஸ் பலகார மணம். முன்வரிசையில் பொட்டில்லாத தாய்மார். பரமேஸ்வரன் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு வாசித்தார்:

“எரித்திரியா, கெரன் பகுதியைப் பிறப்பிடமாகவும், லண்டன் மனோர் பார்க்கை வதிவிடமாகவும் கொண்டவரும், தெக்லே அபேபா தம்பதிகளின் மூத்த புதல்வியும், அல்மாஸின் அன்புச் சகோதரியும், செலாமின் பாசமிகு பெரிய தாயாருமாகிய வீரப்பெண்மணி மெப்ராத் தெக்லே அவர்களை…”

மெப்ராத்துக்குத் தமிழ் தெரியாது. பேர் தெரியுமே. கெரன் என்றதும் நிமிர்ந்தாள். தகப்பன் பேர் வந்ததும் கதிரையின் கையைப் பிடித்தாள். அல்மாஸ் என்றபோது பாலாம்பிகையைத் திரும்பிப் பார்த்தாள். செலாம் என்றபோது அவள் எங்கேயும் பார்க்கவில்லை.

பொன்னாடை போர்த்தினார்கள். கை தட்டினார்கள். மெப்ராத் மைக்குக்கு முன்னால் நின்று, “நான் இருட்டில் லொறி ஓட்டினேன். நன்றி” என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னாள். அப்போதுதான் பாலாம்பிகை கவனித்தாள், மேடைக்கு நேரே ஒரு கம்பியில் போன் ஒன்று பொருத்தியிருந்தது.

“அண்ணை, போட்டோ வேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்?”

“அது போட்டோ இல்லைத் தங்கச்சி. ஃபேஸ்புக்கில லைவ் போகுது. கனடாவில எங்கடை சனம் பாக்கிறதுக்கு” என்றார் பரமேஸ்வரன், பெருமையோடு.

பாலாம்பிகை திரும்பிப் பார்த்தால் மெப்ராத் இல்லை, பொன்னாடை கதிரையில் கிடந்தது. ஓடிப் போய் பஸ் நிறுத்தத்தில் பிடித்தாள்.

“நான் வேண்டாம் என்றேன்” என்றாள் மெப்ராத்.

“மரியாதைக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். தமிழில்தானே வாசித்தார்கள், மெப்ராத்.”

“என் தங்கைக்குத் தமிழில் வேறு பேரா?”

பஸ் வந்தது. மெப்ராத் ஏறி, கடைசி இருக்கையில் கண்ணாடியோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

பாலாம்பிகை பரமேஸ்வரனைப் பிடித்து அந்த லைவை அழிக்க வைத்தாள். ‘இப்பிடி நல்லா வந்த ஒண்டை ஆரும் அழிப்பினமோ?’ என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே அழித்தார். அதற்குள் ஐந்து பேர் பகிர்ந்திருந்தார்கள். ஐந்தாவது ஆளின் பேரை வாசிக்கப் பாலாம்பிகைக்குத் தெரியவில்லை, அது தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிப் போன கதை என்று சொல்வோம். குரங்காகியிருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள்.

அடுத்த நாட்களில் மெப்ராத் வேலைக்கு வந்தாள், துவாய் மடித்தாள். இடையிடையே வெளியே போய்ப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். அல்மாஸின் போன் முதலில் அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு அடிக்கவும் இல்லை. பாலாம்பிகை என்ன பேசினாலும் ‘சரி’ என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. அந்தச் ‘சரி’யைக் கேட்கும்போதெல்லாம் பாலாம்பிகைக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

பிறகு ஒரு மத்தியானம் தோய்க்கிற பகுதியில் இருந்த போன் அடித்தது. பாலாம்பிகைதான் எடுத்தாள். ஆண் குரல், மெதுவான, படித்த ஆங்கிலம்.

“மெப்ராத் தெக்லேயோடு பேச வேண்டும்.”

சாரா இல்லை. மெப்ராத் தெக்லே.

“அப்படி இங்கே யாரும் இல்லை” என்றாள்.

“இருக்கிறார் அம்மா. கெரனில் பிறந்தவர், மனோர் பார்க்கில் இருக்கிறவர். தெக்லேக்கும் அபேபாவுக்கும் மூத்த மகள். அல்மாஸின் அக்கா.” சற்று நிறுத்தி, “செலாமின் பெரியம்மா” என்றது குரல்.

அவள் எழுதிய அதே ஒழுங்கு. ஒரு பேரும் விடுபடவில்லை.

மெப்ராத் பின்னால் வந்து நின்று கையை நீட்டினாள். போனை வாங்கி, தன் மொழியில் கொஞ்சம் பேசினாள். பிறகு வெகுநேரம் கேட்டாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ‘செலாம்’ என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பேரா, அவர்கள் வணக்கம் சொல்கிற வார்த்தையா என்று பாலாம்பிகைக்கு யோசிக்கத் தேவையிருக்கவில்லை. அந்தக் குரல் பிள்ளையைக் கூப்பிடுகிற குரல்.

“என்ன சொன்னான்?”

“செலாம் சுகமாக இருக்கிறாளாம். அவர்களிடம் இருக்கிறாளாம். அவளைப் பேச விட்டார்கள்.”

“அவர்கள் என்றால்?”

மெப்ராத் மெசினின் கதவைத் திறந்தாள். “மே மாதம் எங்கள் விடுதலை நாள். இங்கே விழா வைக்கிறார்கள். நான் மேடைக்கு வர வேண்டுமாம். பெண்களுக்கு நாடு எவ்வளவு செய்திருக்கிறது என்று சொல்ல வேண்டுமாம்.”

“மாட்டேன் என்று சொல். பொலிஸுக்குப் போவோம்.”

“பொலிஸ் மனோர் பார்க்கில் இருக்கிறது. செலாம் அங்கே இருக்கிறாள்” என்றாள் மெப்ராத், மெசினுக்குள் துவாய்களைத் தள்ளியபடி.

மே மாதம் முடிய முன்னரே அந்த விழாவின் வீடியோ வந்தது. பாலாம்பிகையின் மகள் ஜதுர்ஷிகாதான் தேடி எடுத்துக் கொடுத்தாள். “அம்மா, இது உங்கடை ஃபிரெண்ட் தானே? She looks so proud” என்றாள்.

வெள்ளைச் சட்டை, தோளில் சால்வை, நெற்றியில் அந்தச் சிலுவை. மெப்ராத் மேடையில் நிமிர்ந்து நின்றாள். ஒருவர் மைக்கில் வாசித்தார். பாலாம்பிகைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் வரி வரியாகக் கூடவே போனாள். கெரன். மனோர் பார்க். தெக்லே, அபேபா. அல்மாஸ். கடைசியில் செலாம் என்றதும் மண்டபம் எழுந்து கை தட்டியது. மெப்ராத் மைக்கைப் பிடித்து நிறுத்தாமல் பேசினாள். இருட்டில் லொறி ஓட்டிய அதே மனுசி. அதற்கு மேல் பாலாம்பிகை பார்க்கவில்லை. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதாள்.

திங்கட்கிழமை மெப்ராத் வேலைக்கு வந்தாள். தேநீர் வேளையில், பாலாம்பிகை கதவைப் பார்த்த கதிரையை அவளுக்காக இழுத்து வைத்தாள். மெப்ராத் அதைப் பார்த்துவிட்டு மறுபக்கத்துக் கதிரையில், கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். அவர்களுக்குத் தெரியாதது இனி ஒன்றும் இல்லை, பார்த்திருந்து என்ன?

“பிள்ளையை விட்டுவிடுவார்களா?” என்று கேட்டாள் பாலாம்பிகை.

“அடுத்த வருசமும் விழா இருக்கிறது” என்றாள் மெப்ராத். தேநீரைக் குடித்து முடித்தாள்.

வெள்ளிக்கிழமை இல்ஃபோர்ட்டிலிருந்து ஒரு குடும்பம் போன் எடுத்தது. தகப்பன் மோசம் போய்விட்டாராம், அறிவித்தல் எழுதித் தர வேண்டுமாம். ‘அக்கா, ஒரு பேரும் விடுபடக் கூடாது’ என்றார்கள். தனக்குச் சுகமில்லை, வேறு யாரையும் பாருங்கோ என்று சொல்லிவிட்டுப் பாலாம்பிகை கோயிலுக்கு நடந்தாள். சிட்டை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். முன்னால் நின்றவர்கள் வீட்டிலுள்ள அத்தனை பேரின் பேரையும் நட்சத்திரத்தையும் உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய முறை வந்தது.

“பேர், நட்சத்திரம்?” என்றார் ஐயர்.

பாலாம்பிகை வாயைத் திறந்தாள். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று இரண்டு புறமும் பார்த்தாள்.

“சுவாமி பேரில செய்யுங்கோ ஐயா” என்றாள்.